வாயு செலுத்தினால் பாறைக்குள் தார் படிவது ஏன்? மணலி, எண்ணூர் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் பெட்ரோலியம், கெமிக்கல் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கேள்விகளை என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ரிஃபைனரியில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு குவைத், அபுதாபி எண்ணெய் வயல்களுக்குக் கிளம்புகிறவர்களும் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டபடியே வைத்திருக்கிறேன். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய எழுதியதல்ல இது. கிணற்றருகே நிற்கும்போது எதனால் என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும் என்பதற்காக எழுதியது.

நம்ம மணலிக்குக் கீழயே எண்ணெய் இருக்கா சார்?

இல்லை. கச்சா எண்ணெய் கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, குழாய் வழியாக மணலிக்கு வருகிறது. 1965-இல் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ்தான் இன்றைய சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம்), மணலி ரிஃபைனரி. 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓடத் தொடங்கியது. இன்று 105 லட்சம் டன். தமிழ்நாட்டில் எண்ணெய் எடுக்கும் பாறை வேண்டுமென்றால் நரிமணம் போன்ற காவிரிப் படுகை ஊர்களுக்குத்தான் போக வேண்டும்.

ஆனாலும் இந்த விஷயம் மணலிக்காரர்களுக்கு அந்நியமில்லை. ஏன் என்று கீழே நான்காவது பதிலில் சொல்கிறேன்.

அஸ்பால்ட்டீன்னா என்ன? ரோட்டுக்குப் போடுற தாரா?

ரோட்டுத் தாரின் ஒரு பகுதி. பாறைக்குள் படியும் தார் என்று நான் இங்கே சொல்வது இதைத்தான். கச்சா எண்ணெயை நான்கு கூட்டமாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்: சாச்சுரேட், அரோமேட்டிக், ரெசின், அஸ்பால்ட்டீன். கடைசிக் கூட்டத்துக்கு நிலையான வேதி வாய்பாடு எதுவும் கிடையாது. ஹெப்டேனில் கரையாமல் நிற்பது, டொலுவீனில் கரைவது எதுவோ அதுதான் அஸ்பால்ட்டீன். பல வளையங்கள் ஒட்டிய கரிமக் கட்டமைப்பு, அதில் கந்தகம், நைட்ரஜன், ஆக்சிஜன், கொஞ்சம் வனேடியம், நிக்கல்.

ஆய்வகத்தில் பிரித்து, கழுவி, உலர்த்தினால் கருப்பாக, மினுமினுப்பாக, விரலால் அழுத்தினால் நொறுங்கும் தூளாக வரும். சூடாக்கினால் உருகாது, மேலும் சூடாக்கினால் சிதைந்து கரியாகும். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

எண்ணெய்க்குள் இருக்கும்போது அது தூளாக இருப்பதில்லை. தனி மூலக்கூறு சுமார் 1.5 நானோமீட்டர். சில மூலக்கூறுகள் சேர்ந்து 2 நானோமீட்டர் அளவில் சிறு கூட்டாகும், அவை சேர்ந்து 5 நானோமீட்டர் கொத்தாகும். எண்ணெய் சமநிலையில் இருக்கும்வரை இந்த அளவோடு நிற்கும், ஓடும்.

எண்ணெய் எடுக்கத்தானே கிணறு? அதுல எதுக்கு வாயுவைத் திருப்பி அனுப்புறாங்க?

எண்ணெய் பாறைக்குள் குளம்போல் தேங்கியிருப்பதில்லை. மணற்கல், சுண்ணாம்புக்கல்லின் நுண்துளைகளில் இருக்கிறது. சொந்த அழுத்தத்தில் மேலே வருவது ஒரு சிறு பங்குதான். அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க நீரையோ வாயுவையோ செலுத்துகிறார்கள். வாயுவுக்கு இன்னொரு பலம் உண்டு. போதிய அழுத்தத்தில் அது எண்ணெயோடு ஒன்றாகவே கலந்துவிடும். அப்படிக் கலந்தால் துளைகளில் ஒட்டி நிற்கும் எண்ணெயும் பெயர்ந்து வரும். டெக்சாஸின் சாக்ராக் வயலில் 1972 முதலே இதற்காகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்துகிறார்கள்.

எந்தக் கலப்பு எண்ணெயைப் பெயர்க்கிறதோ அதே கலப்புதான் தாரையும் வீழ்த்துகிறது. நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு கெட்டதை விட்டுவிட வழியில்லை. சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

வாயு கலந்தா தார் ஏன் வெளிய வரணும்?

மணலியில் லூப் ஆயில் (மசகு எண்ணெய்) பக்கம் வேலை பார்த்தவர்களுக்குப் பிடிஏ யூனிட் தெரியும்: புரொப்பேன் டீஅஸ்பால்ட்டிங். வெற்றிட வடிகலத்தின் அடியில் மிஞ்சும் கெட்டியான எச்சத்தோடு, அழுத்தத்தில் திரவமாக்கிய புரொப்பேனைக் கலக்கிறார்கள். எண்ணெய்ப் பகுதி புரொப்பேனோடு மேலே போகும், அஸ்பால்ட் அடியில் இறங்கும். மேலே போனதிலிருந்து லூப் ஆயில், அடியில் இறங்கியதிலிருந்து ரோட்டுத் தார்.

வாயு செலுத்திய பாறைக்குள் நடப்பதும் இதே வேதியியல்தான். ரிஃபைனரியில் அதற்கென்று கோபுரம், வெப்பக் கட்டுப்பாடு, அடியில் வடிகால் எல்லாம் இருக்கும். பாறையில் வடிகால் இல்லை. இறங்கிய தார் துளையிலேயே தங்கிவிடும்.

காரணம் கரைதிறன். ஒரு திரவம் எதைக் கரைக்கும் என்பதை அளவிடக் கரைதிறன் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். டொலுவீனுக்கு 18.2, ஹெப்டேனுக்கு 15.3, அஸ்பால்ட்டீனுக்கு 20-ஐ ஒட்டி. எண்கள் நெருங்கியிருந்தால் கரையும், விலகினால் பிரியும். எண்ணெயில் மீத்தேனோ ஈத்தேனோ கரையக் கரைய எண்ணெயின் எண் கீழே இறங்குகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் 5 நானோமீட்டர் கொத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி மைக்ரோமீட்டர் அளவுக்கு வளரத் தொடங்கும்.

அஸ்பால்ட்டீன் நிறைய உள்ள எண்ணெய்லதானே இந்தத் தொல்லை வரும்?

பெரும்பாலானோர் தவறாக நினைத்திருப்பது இதைத்தான். வெனிசுவேலாவின் போஸ்கான் எண்ணெயில் அஸ்பால்ட்டீன் சுமார் 17 சதவீதம். உற்பத்தியில் பெரிய தொல்லை இல்லை. அல்ஜீரியாவின் ஹாசி மெசாவூத் எண்ணெயில் 0.15 சதவீதம்தான். அங்கே கிணற்றுக் குழாய்கள் அடைத்து அடைத்து ஆட்களை வாட்டியிருக்கின்றன.

கனமான எண்ணெயில் அரோமேட்டிக்கும் ரெசினும் நிறைய இருப்பதால் அஸ்பால்ட்டீனைக் கரைத்தே வைத்திருக்கும். இலேசான எண்ணெயில் சாச்சுரேட் அதிகம், தாங்கிப் பிடிக்க ஆளில்லை. அதிலும் குமிழி அழுத்தத்தைவிட (கரைந்த வாயு குமிழியாகப் பிரியத் தொடங்கும் அழுத்தம்) மிக உயர்ந்த அழுத்தத்தில், கரைந்த வாயு நிறைய வைத்துக்கொண்டு கிடக்கும் இலேசான எண்ணெய்தான் மிக ஆபத்தானது. 1995-இல் டி போயரும் உடனிருந்தவர்களும் வரைந்த வரைபடம் இதைத்தான் காட்டுகிறது. இன்றும் முதல் சல்லடையாக அதையே பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு விரைவுக் கணக்கும் உண்டு. சாச்சுரேட்டையும் அஸ்பால்ட்டீனையும் கூட்டி, அரோமேட்டிக்கும் ரெசினும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். விடை 0.7-க்குக் கீழே என்றால் நிம்மதி, 0.9-க்கு மேலே என்றால் கவலை. முதற்பார்வைக்கு மட்டும் சரி. இந்த ஒரு எண்ணை நம்பி வாயு செலுத்தலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது பொறுப்பில்லாத வேலை என்பது என் கருத்து.

அழுத்தம் குறைஞ்சா தார் படியும்னு படிச்சோம். வாயு அனுப்பினா அழுத்தம் ஏறுதே, அப்ப நல்லதுதானே?

நல்ல கேள்வி. இரண்டு விளைவுகள் எதிரெதிராக இழுக்கின்றன, பிரித்துப் பாருங்கள்.

வாயு செலுத்தாத கிணற்றில் அழுத்தம் குறையும்போது எண்ணெய் விரிகிறது. கரைந்திருக்கும் இலேசான பகுதிதான் அதிகம் விரிகிறது, அதனால் கரைதிறன் குறைகிறது. ஓர் அழுத்தத்தில் முதல் துகள் தோன்றும். அதைத் தொடக்க அழுத்தம் என்கிறோம். குமிழி அழுத்தத்தை ஒட்டித்தான் நிலைமை மிக மோசம். அதற்குக் கீழே வாயு பிரிந்து போய்விடுவதால், மிஞ்சும் எண்ணெயின் கரைதிறன் மறுபடி கூடுகிறது. வீழ்ந்ததில் ஒரு பகுதி மெதுவாகத் திரும்பக் கரையும்.

வாயு செலுத்தினால் அழுத்தம் ஏறுவது உண்மை, அது நன்மைதான். ஆனால் கரையும் வாயு எண்ணெயின் சேர்க்கையையே மாற்றிவிடுவதால், தொடக்க அழுத்தமும் கூடவே மேலே ஏறுகிறது. முன்பு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தத்தில் பத்திரமாக இருந்த எண்ணெய், வாயு கலந்த பிறகு 300 கிலோவிலும் தாரை விடலாம் (எண்கள் விளக்கத்துக்கு மட்டும்). எது முந்தும் என்பது ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேறு. அதைத் தாளில் ஊகிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

நீர் செலுத்தினால் இந்த வகைத் தொல்லை இல்லை, ஏனென்றால் நீர் எண்ணெயில் கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. வாயுவைத் தேக்கத்தின் (எண்ணெய் நிறைந்த பாறைப் பகுதி) உச்சியில், எண்ணெய்க்கு மேல் சேர்ந்து நிற்கும் வாயுத் தொப்பிக்குள் மட்டும் செலுத்தினாலும், எண்ணெயும் வாயுவும் தொடும் தளத்தில்தான் பாதிப்பு அதிகம் இருக்கும்.

எந்த வாயு அதிகக் கெடுதல்?

நைட்ரஜன் கடுமையானது. மீத்தேன் மிகுந்த உலர் வாயுவும் வீழ்த்தும். கார்பன் டை ஆக்சைடு மட்டும் வெப்பத்தைப் பொறுத்து முகம் மாற்றும். சூடு குறைந்த தேக்கத்தில் சில எண்ணெய்களில் அஸ்பால்ட்டீனை நிலைநிறுத்தக்கூடச் செய்யும், சூடான தேக்கத்தில் அதே வாயு வீழ்த்தும். ஆகவே ஒரு வயலின் அனுபவத்தை இன்னொரு வயலுக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

பாறைக்குள்ள கொஞ்சம் தார் ஒட்டினா என்ன ஆகிடப் போகுது?

மூன்று விதமாகக் கெடுக்கும். துளைச் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டும். துளைக்கும் துளைக்கும் இடையே உள்ள குறுகிய கழுத்தில் வளர்ந்த துகள் மாட்டிக்கொண்டு வழியை அடைக்கும். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது: நீர் விரும்பும் பாறைப் பரப்பை எண்ணெய் விரும்பும் பரப்பாக மாற்றிவிடும். அதன்பின் எண்ணெய் சுவரைப் பற்றிக்கொள்ளும், நீர் நடுவழியில் ஓடும். நீரும் வாயுவும் மாறி மாறிச் செலுத்தும் திட்டங்களில் நீரை உள்ளே தள்ளும் வேகம் எதிர்பாராமல் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"கொஞ்சம்" என்ற சொல்லுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிணற்றின் ஆரம் 10 சென்டிமீட்டர், அது எண்ணெய் இழுக்கும் வட்டத்தின் ஆரம் 300 மீட்டர் என்று வையுங்கள். கிணற்றைச் சுற்றி வெறும் 1 மீட்டர் ஆரத்துக்குள் ஊடுருவுதிறன் (பாறை எண்ணெயை ஓடவிடும் திறன்) பத்தில் ஒன்றாகக் குறைகிறது. மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கிறது. கெட்டுப்போன பரப்பு மொத்தத்தில் தொண்ணூறாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் 300-ஐ 0.1-ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் 8. கெட்டுப்போன பகுதி கூட்டும் தடைதான் கெடுதல் எண்: 9 (பத்தில் ஒன்று கழித்தது) × 2.3 (1-ஐ 0.1-ஆல் வகுத்த இயல் மடக்கை), அதாவது 20.7. இரண்டையும் கூட்டினால் 28.7. 8-ஐ 28.7-ஆல் வகுத்தால் 0.28. அதே அழுத்த வித்தியாசத்தில் 100 பீப்பாய் வந்த கிணற்றில் இனி 28 பீப்பாய்தான் வரும்.

எல்லா எண்ணெயும் அந்தக் குறுகிய வட்டத்தைக் கடந்துதான் கிணற்றுக்குள் வர வேண்டும், அழுத்தமும் அங்கேதான் வேகமாக இறங்குகிறது. தார் வீழ்வதும் அடைப்பதும் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்வதால்தான் இவ்வளவு சேதம். அதையும் தாண்டி வந்தது டியூபிங்கில் (எண்ணெய் மேலேறும் குழாய்), பம்பில், சோக்கில் (ஓட்டத்தை நெறிக்கும் வால்வு), செபரேட்டரில் படியும். செலுத்திய கார்பன் டை ஆக்சைடு உற்பத்திக் கிணற்றை எட்டிய பிறகு பம்பு அடைக்கத் தொடங்கினால் சந்தேகம் முதலில் இங்கே வர வேண்டும்.

குழாயில இருக்கிறது மெழுகா, தாரா? எப்படித் தெரியும்?

கொஞ்சம் சுரண்டி எடுங்கள். வெந்நீரில் வைத்த சோதனைக் குழாயில் போட்டால் மெழுகு இளகும், அஸ்பால்ட்டீன் அசையாது. இன்னொரு துண்டை ஹெப்டேனில் போடுங்கள்: திரவம் நிறம் மாறாமல், துண்டு அடியில் கிடந்தால் அஸ்பால்ட்டீன் பக்கம் சாய்கிறது. டொலுவீனில் போட்டதும் காப்பி நிறத்தில் கரைந்து பரவினால் உறுதி. பெரும்பாலும் இரண்டும், கூடவே மணலும் இரும்பு சல்ஃபைடும் கலந்துதான் இருக்கும். கரையாமல் மிஞ்சுவதையும் எடை போடுங்கள்.

இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் "அடைப்பா, சூடான எண்ணெய் விடு" என்பது வயலில் நடக்கும் பழக்கம். மெழுகுக்கு அது மருந்து. அஸ்பால்ட்டீனுக்கு அல்ல, விடும் எண்ணெய் இலேசான பாரஃபின் வகையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாரை வீழ்த்திவிட்டு வரும்.

முன்கூட்டியே சோதிச்சுப் பார்க்க முடியாதா?

முடியும், செய்தே ஆக வேண்டும். கல்லூரி லேபிலேயே செய்யக்கூடியது வடிதாள் சோதனை. எண்ணெயைக் கொஞ்சம் டொலுவீனில் கரைத்து, ஹெப்டேனைச் சிறுகச் சிறுகச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி எடுத்து வடிதாளில் வையுங்கள். முதல் துளிகள் ஒரே சீரான பழுப்பு வட்டமாகப் பரவும். எல்லையைத் தாண்டியதும் வட்டத்தின் நடுவே கரும்புள்ளி ஒன்று தங்கும், சுற்றிலும் வெளிறிய வளையம் நிற்கும். அந்தத் துளிக்கு முன் எவ்வளவு ஹெப்டேன் தாங்கியது என்பதுதான் எண்ணெயின் தாங்குதிறன்.

தேக்கத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் செய்ய வேண்டுமென்றால் ஜன்னல் வைத்த உயர் அழுத்தக் கலம், அதன் ஊடாக அகச்சிவப்பு ஒளி. அழுத்தத்தை மெல்லக் குறைக்கும்போது, துகள் தோன்றும் கணத்தில் மறுபக்கம் எட்டும் ஒளி சட்டென்று விழும். செலுத்தப்போகும் வாயுவை 10, 20, 30 சதவீதம் என்று கலந்து திரும்பத் திரும்ப அளந்தால், எவ்வளவு வாயுவுக்குத் தொடக்க அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கோடு கிடைக்கும். பிறகு பாறை உருளை வழியே ஓட்டிப் பார்க்க வேண்டும். வீழ்வது எல்லாம் அடைப்பதில்லை, சில துகள்கள் எண்ணெயோடு ஓடியும் போய்விடும்.

இதில் சறுக்கும் இடம் மாதிரி எடுப்பது. கிணற்றடியில் எடுத்த எண்ணெய் மேலே வரும் வழியில் குளிர்ந்து, அழுத்தம் குறைந்தால், தார் பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். லேபுக்குப் போவது தார் நீங்கிய எண்ணெய். "தொல்லையே இல்லை" என்று அறிக்கை வரும், கோடிக்கணக்கில் கம்ப்ரஸர் வாங்குவார்கள். அழுத்தத்தை விடாமல் காக்கும் பாட்டில்தான் வேண்டும். அதையும் தேக்கத்தின் வெப்பத்துக்கு ஏற்றி, நாள்கணக்கில் குலுக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

படிஞ்சுட்டா எடுக்க வழி?

டியூபிங்கில் என்றால் சுரண்டலாம், சுருள் குழாய் இறக்கிக் கழுவலாம். பாறைக்குள் என்றால் டொலுவீன் அல்லது சைலீனைச் செலுத்தி, மணிக்கணக்கில் ஊறவிட்டு, திருப்பி எடுக்கிறார்கள். தொடர்ந்து வரும் இடங்களில் டோடெசில் பென்சீன் சல்ஃபோனிக் அமிலம் போன்ற தடுப்பு மருந்துகளைக் கிணற்றடியிலேயே விடுகிறார்கள். கிணற்றடி அழுத்தம் தொடக்க அழுத்தத்துக்குக் கீழே போகாதபடி சோக்கைச் சிறிதாக்குவது எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் உற்பத்தி குறைகிறதே என்று அதைத்தான் கடைசியில் செய்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. அடைப்பு என்றதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவது வழக்கம். துருவிலிருந்து வரும் ஃபெரிக் இரும்பு அமிலத்தோடு சேர்ந்தால், அஸ்பால்ட்டீன் உள்ள எண்ணெய் கெட்டியான சேறாகத் திரளும். அதை வெளியே எடுப்பது முதல் அடைப்பைவிடக் கஷ்டம்.

இயற்கையாகவே தார் படிந்த தேக்கம் உண்டாமே?

உண்டு. பல லட்சம் ஆண்டுகளில் ஆழத்திலிருந்து வாயு பின்னால் வந்து சேர்ந்த தேக்கங்களில், இதே வீழ்ச்சி மிக மெதுவாக நடந்து, எண்ணெயின் அடியில் தார்ப் படுகையாகக் கிடக்கும். தார் படுகைகள் உருவாக இது முக்கியமான ஒரு வழி. சவுதியின் கவார், குவைத்தின் புர்கான், அலாஸ்காவின் புரூடோ பே போன்ற பெரிய வயல்களில் தார்ப் படுகை உண்டு. அடியிலுள்ள நீரின் அழுத்தம் எண்ணெயை எட்டாமல் அது தடுத்துவிடும். அதனால் நீர் செலுத்தும் கிணற்றைப் படுகைக்குக் கீழே போடாமல் மேலே போட வேண்டியிருக்கும். வாயு செலுத்தப்போகும் ஒருவர் முதலில் பார்க்க வேண்டிய வரலாறும் இதுவே. அந்த எண்ணெய் வாயுவைக் கண்டால் என்ன செய்யும் என்று பாறை ஏற்கெனவே சோதித்து வைத்திருக்கிறது.

எல்லா இடத்திலயும் இது கெடுதல்தானா?

இல்லை. மிகக் கெட்டியான எண்ணெயில் புரொப்பேன் ஆவியைச் செலுத்தி, தாரை வேண்டுமென்றே கீழேயே விட்டுவிட்டு, இளகிய எண்ணெயை மட்டும் எடுக்கும் வேபெக்ஸ் என்ற முறையை 1990-களின் தொடக்கத்தில் கனடாவில் முன்வைத்தார்கள். துளைகள் பெரிதாக, ஊடுருவுதிறன் தாராளமாக இருக்கும் மணலில்தான் அதற்கு இடமுண்டு.

வல்லூர் பவர் ஹவுஸ் புகையைக் காவிரிப் படுகைக் கிணத்துல விடலாமா? புகையும் குறையும், எண்ணெயும் வரும்.

ஆசை நியாயமானது. அந்தப் புகையை மூச்சில் இழுத்து வாழ்கிறவர்கள் கேட்கிறீர்கள். ஆனால் நிலக்கரி அனல்மின் நிலையப் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 சதவீதம் அளவில்தான், மீதியில் பெரும்பங்கு நைட்ரஜன். அப்படியே செலுத்தினால் எண்ணெயோடு கலக்க மிக உயர்ந்த அழுத்தம் வேண்டும், தார் வீழும் அபாயமும் கூடும். புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, ஈரம் நீக்கி, அழுத்தி அனுப்ப வேண்டும். செலவில் பெரும்பங்கு அந்தப் பிரிப்பில்தான். ரிஃபைனரியின் ஹைட்ரஜன் ஆலையில் அது செறிவாகவே கிடைக்கும். குஜராத்தின் கோயாலி ரிஃபைனரியிலிருந்து பிடித்து கந்தார் வயலில் செலுத்துவதற்காக இந்தியன் ஆயிலும் ஓஎன்ஜிசியும் 2019-இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது அதனால்தான். காவிரிப் படுகைக்கு என்றாலும் முதல் வேலை அங்குள்ள எண்ணெயின் தொடக்க அழுத்தத்தை அளப்பது.

2023 வெள்ளத்துல எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவிப் படகெல்லாம் ஒட்டுச்சே, அதுவும் இதுதானா?

வேறு நிகழ்வு, வேதியியலில் மட்டும் உறவு. நீரில் பரவிய எண்ணெயில் இலேசான பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சும் ரெசினும் அஸ்பால்ட்டீனும் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒட்டும் குழம்பாக மாறும், அதனால்தான் வலையிலும் அலையாத்தி வேரிலும் அப்படிப் பற்றிக்கொள்கிறது. உடம்பில் பட்டால் மண்ணெண்ணெய், தின்னர் போடாதீர்கள். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குவைத்துல ஒர்க்ஓவர் ரிக்ல (பழைய கிணத்தைப் பழுது பார்க்குற ரிக்) வேலை கிடைச்சிருக்கு அண்ணா. எதைக் கவனிக்கணும்?

குவைத்தின் ஆழமான மர்ரத் தேக்கங்கள் அஸ்பால்ட்டீன் தொல்லைக்குப் பேர்போனவை, ஆகவே போன வேகத்தில் இதைச் சந்திப்பாய் தம்பி. டொலுவீன் 4 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். எர்த்திங் கம்பி மாட்டாமல் பம்பைத் தொடாதே. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளக்கும் கருவி சட்டையிலேயே இருக்கட்டும், அந்த வாயு பள்ளத்தில் தங்கும். சுரண்டி எடுத்த கருப்புப் படிவில் இரும்பு சல்ஃபைடு இருந்தால் காய்ந்ததும் தானாகவே தீப்பிடிக்கும். அதனால் நனைத்தே வை. ஸ்கிரேப்பர் எந்த ஆழத்தில் மாட்டியது என்று எழுதிக்கொள். கரைப்பான் விடுவதற்கு முன் ஒரு டப்பா படிவை எடுத்து, ஆழமும் தேதியும் ஒட்டி லேபுக்கு அனுப்பு. விட்ட பிறகு அனுப்பினால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது.